தன் கையால் எடுக்கக் கூடாது

2004ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று நாற்பதுக்கு, மனாமாவின் குதைபியாவில் ஒரு நான்காம் மாடி வீட்டுக் கூடத்தில், கைமாறிச் சென்றுகொண்டிருந்த ஓர் அப்பம் எனக்கு அடுத்திருந்த பெண்ணின் கையில் நின்றுபோனது. பிறகு நடந்தவை பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டன. அவற்றைச் சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டுக்காரரைச் சொல்ல வேண்டும். என் வயதுப் பிள்ளைகளைப் போல நானும் அவரை ஆன்ட்டி என்று அழைத்தேன். பெயர் தெரியும், எழுதப் போவதில்லை.

பஹ்ரைனில் ஞாயிறு வேலை நாள். வெள்ளிக்கிழமைதான் எங்கள் ஞாயிறு. ஆன்ட்டியின் வீட்டில் கூடிய சபைக்குப் பெயர் கிடையாது, போதகரும் கிடையாது. எங்களைப் போன்ற சில குடும்பங்கள், ஓட்டுநர்கள், கேம்ப்பிலிருந்து வரும் தொழிலாளர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள் என்று முப்பது பேர் வருவார்கள். ஆன்ட்டியின் கணவர் பொறியாளர். ஜெபத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் அவர்; இடையிலுள்ள அனைத்தும் ஆன்ட்டி. பாளையங்கோட்டையிலிருந்து வந்து இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த ஊர்ப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. எப்போதும் வாயில் ஒரு கிராம்பு இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினால், எதிரில் இருப்பவர் அன்று தப்ப முடியாது என்று பொருள்.

ஒரு மனிதர் தாம் செய்த நல்லதைத் தம் பேரில் வைத்துக்கொள்வதை ஆன்ட்டியால் பொறுக்கவே முடியாது. இரட்சிப்பு கிருபையினால் வருவது. அதைப் பெற்றுக்கொள்ள விசுவாசம் ஒன்றே போதும். நாம் செய்யும் கிரியைகளுக்கு அதில் இம்மியும் பங்கில்லை. இதை எல்லாச் சபைகளிலும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, நல்லது செய்தவரைப் பாராட்டவும் செய்வார்கள். ஆன்ட்டி பாராட்ட மாட்டார். யாருக்கும் நன்றி சொன்னதும் இல்லை.

தூத்துக்குடிக்காரரான ஒரு பள்ளி வேன் ஓட்டுநர், மகளுக்கு வரன் அமைய வேண்டுமென்று வெள்ளிதோறும் உபவாசம் இருந்துவந்தார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது அவர் ஒதுங்கி நிற்பதை ஆன்ட்டி பார்த்துவிட்டார்.

“எத்தனை வாரமா?”

“பதினோரு வாரம்க்கா.”

“பதினோரு வாரமா கர்த்தருக்கு லஞ்சம் கொடுக்கீராக்கும். இந்தாரும், சாப்பிடும்.”

தட்டில் இரண்டு வடைகளை வைத்து நீட்டினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தின்றார். இரண்டாவது வடையின்போது கண் கலங்கியது. ஆன்ட்டி சட்னியை ஊற்றினார்.

“நாளைக்கு மவளுக்குக் கல்யாணம் நடந்தா, என் பசியினால நடந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவீரு. அதான்.”

கூடம் சிரித்தது. ஓட்டுநரும் சிரித்தார். அந்தப் பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்று ஆன்ட்டி பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியில் நான் முதலாவதாக வந்த வாரம், கர்த்தர் தமக்குச் செய்ததை எல்லோர் முன்பும் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் என்னை எழுப்பினார்கள். நன்றியாக இரண்டு வாக்கியம் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஆன்ட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீ பொய் சொல்ல மாட்ட, எதுத்துப் பேச மாட்ட, எல்லாத்துலயும் முதல். உன்னை இரட்சிக்கிறது ரொம்பக் கஷ்டம் பிள்ள.”

அதற்கும் சிரித்தார்கள். உரக்கச் சிரித்தவர்களில் என் தாயும் இருந்தார். எனக்கு அப்போது பதினேழு வயது. அந்த வாக்கியத்தில் பிழை கண்டுபிடிக்கப் பல நாள் முயன்றேன், முடியவில்லை.

ஆன்ட்டிக்கு முதல் நூற்றாண்டுச் சபை ஒன்றுதான் சபை. பின்னால் வந்த ஆலயங்கள், பேராயர்கள், விழாக்கள் எதிலும் அவருக்கு ஆர்வமில்லை. அந்தியோகியாவில் யூதரும் யூதரல்லாதவரும் ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்ததையும், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பேதுரு அந்தப் பந்தியை விட்டு விலகியதையும், பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்ததையும், போன வாரம் அடுத்த கட்டடத்தில் நடந்த சண்டையைப் போலச் சொல்வார்.

“தட்டைத் தூக்கிட்டு எந்திரிச்சுட்டாருல்லா. அவ்வளவு பெரிய மனுசன். சொந்தக்காரன் வந்துட்டான்னதும் தட்டைத் தூக்கிட்டாரு.”

அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் பவுல் வாயை மூடிக்கொண்டிருந்தால் கிருபை அன்றோடு செத்திருக்கும் என்பது அவருடைய கட்சி. அப்பம் பிட்கும் முறையையும் அதிலிருந்துதான் அவர் உண்டாக்கியிருந்தார்.

கீழ்த்தளத்து ரொட்டிக் கடையிலிருந்து பெரிய குபூஸ் ஒன்று வரும். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் அது கைமாறிப் போகும். யாரும் தன் கையால் தனக்கு எடுக்கக் கூடாது. அப்பத்தை வைத்திருப்பவர் அடுத்தவருக்காக ஒரு துண்டு பிட்டு, அவர் பெயரைச் சொல்லி, ‘இது உனக்கு இலவசம்’ என்று கையில் கொடுக்க வேண்டும். பிறகு அப்பத்தையும் அவரிடமே கொடுத்துவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தில் மரியாதைப் பன்மை கிடையாது. கேம்ப்பில் எட்டுப் பேருடன் ஓர் அறையில் படுக்கும் கொத்தனார், ஆன்ட்டியின் கணவரை முகத்துக்கு நேராகப் பெயர் சொல்லி ‘உனக்கு’ என்பார். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடல் சிலிர்க்கும். அப்பம் சுற்றி முடியும்வரை யாரும் உண்ணக் கூடாது. கடைசி ஆளுக்குக் கிடைத்த பின் அனைவரும் சேர்ந்தே உண்போம்.

தமக்குத் தீங்கு செய்தவர்களிடமும் அவர் இதே முறையில்தான் நடந்துகொண்டார். வீட்டில் பகுதிநேர வேலை செய்த ஒரு பெண் அவருடைய வளையல்களை எடுத்துக்கொண்டு மறைந்தாள். இரண்டு மாதம் கழித்து, போக இடமின்றி அதே கதவைத் தட்டினாள். ஆன்ட்டி கதவைத் திறந்து, “சாப்பிட்டியா?” என்றார். வளையல் என்ற சொல் அந்த வீட்டில் பின்னர் எழவே இல்லை. அதை நான் நேரில் பார்த்தேன். பார்த்ததனால்தான், பின்னால் நடந்ததை எளிதாக வெறுக்கவும் முடியாமல் போனது.

அப்பம் யாருடைய கையில் நின்றதோ அந்தப் பெண்ணின் பெயர் தனம். கடலூர்ப் பக்கத்துக் கிராமம். ரிஃபாவில் ஓர் அரபு வீட்டில் வேலை. அவளுடைய அண்ணன் ஏழுமலை, மனாமாவில் ஒரு கட்டட சைட்டில் ஹெல்பர். முந்தைய ஆகஸ்டில் ஒரு பிற்பகல், வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து இறந்துபோனான். இதயம் நின்றதாகக் கம்பெனியின் தாளில் எழுதியிருந்தது. அதற்கு மேல் தனத்திடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் வேலை செய்த வீட்டுக்கு மேல்தளத்தில் குடியிருந்த ஒரு நர்ஸ் எங்கள் சபைக்கு வருபவர். அவர் மூலம் ஆன்ட்டிக்குச் செய்தி வந்தது. உடலை ஊருக்கு அனுப்பும்வரை ஆறு நாள், பிணவறையிலும் தூதரக வரிசையிலும் கம்பெனி வாசலிலும் ஆன்ட்டி தனத்துடன் நின்றார். விமான நிலையத்தில் அவள் காலில் விழுந்தபோது, “எந்திரி. இதுல நான் செஞ்சது ஒண்ணும் இல்ல,” என்றார்.

அடுத்த வாரமே தனம் சபைக்கு வந்தாள். ஆன்ட்டி கற்பித்த விசுவாசத்தைக் காட்டிலும், அந்த ஆறு நாட்கள் அவளை அழைத்துவந்தன என்று நினைக்கிறேன். ஆன்ட்டிக்கு அது தெரிந்திருந்தால் மகிழ்ந்திருக்க மாட்டார்.

தனத்தின் மேடம் அவளைத் தனியே வெளியில் அனுப்ப மாட்டார். குடும்பத்தோடு ஒரு கார் வந்து அழைத்துப்போய், இரண்டு மணிக்குள் திரும்ப விட்டுவிட வேண்டும். அது எங்கள் கார். மேடத்துடன் தொலைபேசியில் பேசி ஏற்பாடு செய்வது நான். என் ஆங்கிலம் அவருக்குப் பிடித்திருந்தது. அந்த ஆறு நாட்களுக்குப் பிறகு, வெள்ளிக்கிழமையின் அந்த நாலு மணி நேரத்தைத் தவிர, தனம் அந்த வீட்டின் வாசற்கதவைத் தாண்டுவதில்லை.

அப்பம் நின்றுபோன நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மேடத்தின் வீட்டில் விருந்து என்பதால் தனம் வரவில்லை. அன்று நாற்பத்தைந்து வயதுள்ள ஒருவர் புதிதாக வந்தார். பெயர் துரைராஜ். பிறப்பால் கிறிஸ்தவர், ஆனால் வேதத்தைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆனவர். சாட்சி நேரத்தில் தாமாக எழுந்தார்.

“என் சைட்டுல ஒருத்தன் செத்தான். தலை சுத்துது, நிழல்ல உக்காந்துக்கிறேன்னான். நடிக்காதே, யல்லா, வேலையப் பாருன்னேன். அன்னியிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல.”

ஏழுமலை என்று பெயரையும் சொன்னார். ஆன்ட்டி எழுந்து போய் அவர் தலையில் கை வைத்தார்.

“விசுவாசிக்கீரா?”

“விசுவாசிக்கேன்.”

“அப்ப கலாஸ். முடிஞ்சுது.”

கேம்ப் ஆட்கள் இருவர் எழுந்து வெளியே போனார்கள். அவர்கள் மறுபடி வரவில்லை. ஆன்ட்டி அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை, நான் ஆன்ட்டியின் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். நாற்காலி வரிசையை வாரந்தோறும் அவர் சொல்வார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதுவது நான். கல்லூரியில் இலக்கியம் படிக்கும் பெண்ணுக்குத் தோன்றக்கூடிய ஒரு கேள்வி அன்று எனக்குத் தோன்றியது. ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது, கொன்றவர்களின் வஸ்திரங்களுக்குக் காவல் நின்றவர்தானே பவுல்? அவர் மனந்திரும்பி எருசலேம் சபைக்கு முதல் முறை வந்த நாளில், ஸ்தேவானின் தாய் எங்கே உட்கார்ந்திருப்பார்?

அப்படிக் கேட்டதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

ஆன்ட்டி கிராம்பைக் கடிப்பதை நிறுத்தினார். அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“அது எழுதலை பிள்ள. ஆனா பக்கத்துலதான் உக்காந்திருப்பா. வேற எங்க உக்காருவா?” என்றார். பிறகு, “எழுது. நீ, அடுத்தாப்புல தனம், அடுத்தாப்புல துரைராஜ்.”

“தனத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடலாமே, ஆன்ட்டி?”

“சொன்னா வர மாட்டா. அவ கையால அவனுக்குக் கொடுத்தாத்தான் கிருபை என்னன்னு அவளுக்கு விளங்கும். அவனுக்கும் சொல்லலை.”

எழுதினேன். மூன்று பெயர்களும் ஒரே அளவில், நேராக விழுந்தன.

மறுநாள் காரில் தனம் என் பக்கத்தில் இருந்தாள். மேடத்தின் மகள் கொடுத்த பச்சை நிறக் கிளிப்பைத் தலையில் குத்தியிருந்தாள். பார்க்கச் சொல்லித் திரும்பிக் காட்டினாள்.

“இன்னா பாப்பா, வாயில கொழுக்கட்டையா? எப்பவும் ரெண்டு வார்த்தையாச்சும் பேசுவியே. இன்னிக்கு அதுக்கும் லீவா?”

ரிஃபாவிலிருந்து குதைபியாவுக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் என்னிடம் இருந்தது. கிளிப் நன்றாக இருக்கிறது என்றேன்.

பாட்டும் ஜெபமும் முடிந்து அப்பம் புறப்பட்டது. என்னிடம் வந்தது. நான் ஒரு துண்டு பிட்டு, “தனம், இது உனக்கு இலவசம்,” என்று அவள் கையில் கொடுத்து, அப்பத்தையும் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு, அடுத்திருந்த புதியவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“புதுசா வந்திருக்கீங்களாண்ணே? பேரு சொல்லணும், அதுக்குத்தான் கேக்குறேன்.”

“துரைராஜ்.”

பிட்கத் தொடங்கிய விரல்கள் நின்றன. தொலைபேசியில் அண்ணன் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும்.

“எந்த சைட்டு?”

அவர் சொன்னார்.

“போர்மேனா?”

“ஆமாம்மா.”

எதிர்ப்பக்கத்திலிருந்து ஆன்ட்டி பேசினார். கல்யாண வீட்டில் இரு குடும்பத்தாரை அறிமுகப்படுத்தும் குரல் அது.

“துரைராஜ், இவ ஏழுமலைக்குத் தங்கச்சி.”

அவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் முழங்கால் போட்டார். கைகளைக் கூப்பினார்.

“எந்திரிச்சு உக்காரும்,” என்றார் ஆன்ட்டி. “மண்டி போட்டா ஒண்ணும் கூடப் போறதில்ல. எல்லாம் ஏற்கெனவே ஆயாச்சு.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். சிலர் கையில் துண்டுடனும் மற்றவர்கள் வெறுங்கையுடனும் முப்பது பேரும் காத்திருந்தோம். அப்பம் நகர்ந்தால்தான் யாரும் உண்ண முடியும். ஒரு குழந்தை பசிக்கிறது என்றது. அதன் தாய் வாயைப் பொத்தினார்.

தனம் அவரிடம் கேட்டாள்: “எங்கண்ணன் தண்ணி கேட்டுச்சா?”

“கேட்டான்.”

“குடுத்தீங்களா?”

அவர் தலையை அசைத்தார். இல்லை என்று.

“தனம்,” என்றார் ஆன்ட்டி. “அதெல்லாம் கழுவியாச்சு. கர்த்தரே மறந்துட்டதை நீ தோண்டாத. அப்பத்தைக் கொடு.”

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேங்க்கா. இவரு செத்தா எங்க போவாரு?”

“கர்த்தர்கிட்ட.”

“எங்கண்ணன் எங்க இருக்கு?”

ஆன்ட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தெரியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். அதைத் தேவன் ஒருவரே அறிவார் என்று எத்தனையோ பேர் எத்தனையோ சாவு வீடுகளில் சொல்லித் தப்பித்திருக்கிறார்கள். அவர் கணவர்கூடச் சொல்லும்படி கண்ணால் கெஞ்சினார், நான் பார்த்தேன். ஆனால் ஆன்ட்டி யாருக்காகவும் பொய் சொல்லாதவர்.

“அவன் விசுவாசிக்கலையே, தனம்.”

“ரொம்ப நல்லதுக்கா அது. யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. சம்பளத்த ஊருக்கு அனுப்பிட்டு அது கஞ்சி குடிக்கும்.”

“நல்லவங்களுக்குன்னு தனியா ஒரு வழி இருந்தா அவர் சிலுவையில தொங்கியிருக்கவே வேண்டாம்.” குரலில் கடுமை இல்லை. ஆறு நாள் பிணவறை வாசலில் கேட்ட அதே குரல்தான்.

தனம் தலையை ஆட்டினாள். மேடம் ஒரு வேலையைச் சொல்லும்போது ஆட்டுவதைப் போல. பிறகு அப்பத்தில் ஒரு துண்டு பிட்டு, துரைராஜின் உள்ளங்கையில் வைத்தாள்.

“துரைராஜ், இது உனக்கு இலவசம்.”

தெளிவாகச் சொன்னாள். அப்பத்தை அவர் மடியில் வைத்தாள். நான் அவளுக்குக் கொடுத்திருந்த துண்டை என் கையில் திருப்பி வைத்தாள்.

“எனக்கு வேணாம் பாப்பா. அங்க எங்கண்ணன் தனியா இருக்கும்.”

எழுந்து, கதவருகே செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

துரைராஜ் அழுதுகொண்டே அடுத்தவருக்குப் பிட்டுக் கொடுத்தார். அப்பம் சுற்றி முடிந்தது. “சாப்பிடுங்க,” என்றார் ஆன்ட்டி. சாப்பிட்டோம். என் கையில் இரண்டு துண்டுகள் இருந்தன. இரண்டையும் தின்றேன்.

கீழே, எங்கள் காரின் நிழலில் தனம் நின்றிருந்தாள். ஆன்ட்டி அவளுக்குச் சோறு கட்டித் தாமே எடுத்து வந்தார். அவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என் தந்தை காரை ரிஃபாவுக்கு ஓட்டினார்.

மறுநாள் சனிக்கிழமை. கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது ஆன்ட்டி தொலைபேசியில் அழைத்தார்.

“தனத்தோட மேடத்துக்குப் பேசிரு பிள்ள. இனி வெள்ளிக்கிழமை கார் வராதுன்னு சொல்லிரு.”

“அவள் கோபம் தீர்ந்து வரலாம், ஆன்ட்டி. கார் மட்டும் போகட்டுமே.”

“கிருபையை வேண்டாம்னு போட்டுட்டுப் போனவளைக் காரை விட்டு இழுத்துட்டு வரக் கூடாது. அவளா கேட்டா வரட்டும்.” கிராம்பு கடிபடும் ஓசை கேட்டது. “நீயும் அவளைப் போய்ப் பார்க்காத. பார்த்தா உன் மனசு லேசாகும். அதுக்காகத்தான் போவ.”

சரி என்றேன்.

மேடத்தின் எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தார். வழக்கம்போல என் படிப்பைக் கேட்டார், என் தாயைக் கேட்டார். இனி வெள்ளிக்கிழமைகளில் தனத்தை அழைத்துப்போக இயலாது என்று சொன்னேன்.

“தனம் ஏதும் தவறு செய்தாளா?” என்றார் மேடம்.

“இல்லை.”

“எனக்குத் தெரிந்து அவள் நல்ல பெண்.”

“ஆம். நல்ல பெண்.”

“அப்படியானால் ஏன்?”

அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். பின்னணியில் யாரோ தரையைத் துடைக்க வாளியை நகர்த்தும் ஓசை கேட்டது. பதிலுக்காக அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

காரில் இடமில்லை என்று சொன்னேன்.